துவைச்ச கறி

பருத்தித்துறை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி கோகுலனுக்கு,

இந்தக் கடிதம் கிடைக்கிற நாள் உனக்கு வேலையில்லாத நாளாக இருக்கட்டும். ஆறுதலாக இருந்து வாசி. போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறா. நீயும் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா எழும்பி நடமாடுகிறா. பிறஷர் குளிசையை நான் முன்னால் நின்று போட வைக்கிறேன். நானும் ஐஸ் பக்டரிக்குத் திரும்பப் போகத் தொடங்கிவிட்டேன். கம்பிரசரைக் கழற்றிப் பூட்டுகிற வேலை யோசிக்காமலே கைக்கு வருகிறது. உன் அக்கா நிவேதனா செத்துப்போனதற்கு, கட்டின புருசன் எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சனம் அதைக் கவனிக்கிறது என்றும் தெரியும். என்ன செய்வது, வரவில்லை.

அக்காவின் எட்டுச்செலவுப் படையல் அன்று நீ வீடியோவில் பார்த்தாய். அம்மா நிவேதனாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, கிட்னிக் கிளினிக்கில் அவவுக்கு வேண்டாம் என்று சொன்ன சாப்பாடு எல்லாவற்றையும் படைத்தா. கருவாட்டுக் குழம்பு, ஒடியற்கூழ், கறுத்தக்கொழும்பான் மாம்பழம், இளநீர். "என்ரை பிள்ளை இவ்வளவு காலமும் வாயைக் கட்டினது காணும், இனியாவது வயிறாரச் சாப்பிடட்டும்" என்று சொன்னா. அப்போதுதான் நீ, "அளந்து அளந்து சாப்பிட்ட அக்காவே போயிட்டா, பிறகு எனக்கு என்னத்துக்கு உந்தப் பத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய்.

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. துக்கத்தில் கதைக்கிறாய் என்று நினைத்துக்கொண்டா. எனக்கு விளங்கியது. உன் சிறுநீரில் புரதம் போகிறது, இரத்தத்தில் கிறியற்றினின் கூடியிருக்கிறது, உனக்கும் கிட்னி பழுதாகத் தொடங்குகிறது என்ற றிப்போட்டை நீ எனக்கு மட்டும்தானே அனுப்பினாய். லண்டனில் டொக்டர் தந்த தவணைக்குப் போகவில்லை என்றும் நீயே சொன்னாய்.

நீ போனை வைத்த பிறகு நடந்ததை எழுதுகிறேன். நான் குசினிக்குள் போய் உருளைக்கிழங்கு உரித்தேன். மெல்லிசாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு தரம் அவித்தேன். வெங்காயம், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், கடைசியில் தேசிக்காய்ப் புளி. உப்பு இல்லை. அக்கா இதைத்தான் துவைச்ச கறி என்று சொல்லிச் சிரிப்பா. அதைக் கொண்டுவந்து இலையில் வைத்தபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்த பிறகும் பத்தியமோ தம்பி? அவளை இனியாவது விடுங்கோவன்" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டா.

ரியூசன் சென்ரரில் அக்காவோடு படிப்பித்த பிரதீபாதான் வாய் திறந்தா. "இல்லை அன்ரி, நிவேதனா இதைக் கொண்டு வந்தா நாங்கள் மிச்சம் வைக்க மாட்டம். அதாலை எங்களுக்கு ஒளிச்சு வைச்சுத்தான் சாப்பிடுறவ. களவெடுத்துச் சாப்பிட்டா உங்களுக்கும் கிட்னி வரும் எண்டு வெருட்டுவா" என்று சொன்னா. இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டுப் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

படைத்து முடிந்த பிறகு அம்மா சட்டியில் மிஞ்சியதில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டா. "உப்பில்லைத்தான். எண்டாலும் நல்லாத்தான் கிடக்கு. இவள் எனக்கு ஒருநாளும் தரேல்லையே" என்றா. பிறகு அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தா.

தம்பி, உன் அக்கா வாயைக் கட்டிக் காய்ந்து செத்தவ இல்லை. இரத்தம் சுத்திகரித்துவிட்டு வருகிற வழியிலேயே கொடிகாமம் சந்தையில் என்ன மரக்கறி வந்திருக்கும், அதை எப்படிச் சமைக்கலாம் என்று கதைத்துக்கொண்டு வருவா. ருசியாகச் சாப்பிட்டா, படிப்பித்தா, என்னைப் பகிடி பண்ணினா. அவவைக் கொண்டுபோனது நியூமோனியா. அந்தப் பத்தியச் சாப்பாடு அவவுக்குக் காலத்தைக் கூட்டித்தான் தந்தது. நீ பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறாய்.

அக்காவுக்குக் கிடைக்காத ஒன்று உனக்குக் கிடைத்திருக்கிறது. உனக்கு முந்தியே தெரியவந்துவிட்டது. அவவின் கால் வீங்கியபோது நின்று படிப்பிப்பதால்தான் என்று எல்லோரும் சொன்னோம். தலையிடி வந்தால் குளிசை வாங்கிப் போட்டா. பிறஷர் பார்க்கவில்லை. ஐஸ் மெஷின் பழுதாக முந்தியே சத்தம் மாறும், நான் காதாலேயே பிடித்துவிடுவேன். கிட்னி சத்தம் போடாது. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால்தான் தெரியும். நீ சோதித்துவிட்டாய். சோதித்துப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருக்காதே.

ஆனால் அக்காவின் சாப்பாட்டை நீ அப்படியே பிடிக்கவும் வேண்டாம். அவவுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் கூடியதால்தான் இளநீரும் பழமும் விலக்கு, கிழங்குக்கும் இவ்வளவு துவைப்பு. உனக்கு அது தேவையோ இல்லையோ என்று உன் றிப்போட்டைப் பார்த்து டொக்டரும் சாப்பாட்டு ஆலோசகரும் சொல்லட்டும். நீயாகவே மீனையும் முட்டையையும் நிற்பாட்டி மெலிந்துபோகாதே. இப்போதே குறைக்கக்கூடியது உப்பு. அம்மா அனுப்பிய கருவாட்டையும் மோர்மிளகாயையும் உன்னோடு வேலை செய்கிற பொடியங்களுக்குக் கொடுத்துவிடு. அம்மாவை நான் சமாளிக்கிறேன். முதுகு நோவுக்குக் கண்டபடி நோக்குளிசை போடாதே. சிகரெட்டையும் விடு. நீ பத்துகிறது அக்காவுக்குத் தெரியும், உனக்குத்தான் அது தெரியாது.

உன் கிட்னி வருத்தத்தைப் பற்றி அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. எப்போது சொல்வது என்பது உன் விருப்பம்.

தவணையைத் திரும்பக் கேட்டு எடு. போய்விட்டு வந்து எனக்குப் போன் எடுத்துச் சொல்லு. றிப்போட் நல்லதோ கூடாதோ, போனேன் அத்தான் என்று சொன்னால் காணும். எந்த நேரமென்றாலும் எடுப்பேன், நித்திரை கொள்கிறேனோ என்று யோசிக்காதே.

இங்கே ஆட்கள், மனிசியும் இல்லை, இனி மாமி வீட்டிலை இருக்காமல் உங்கடை வீட்டுப் பக்கம் போகலாம்தானே தம்பி என்று என்னிடம் கேட்கிறார்கள். இந்த வீட்டில் என்னை அத்தான் என்று கூப்பிட நீ ஒருவன்தான் இருக்கிறாய். சந்நிதி முருகன் உனக்குத் துணை நிற்பான். நெடுக என்னை அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டு இரு.

உன் அத்தான்,
சிவதர்ஷன்