ஏழு கரை, ஏழு பேர்

வியாழக்கிழமை

எங்க பட்டம் விடுற ஆன்லைன் கேமை இன்னிக்கு மூடிட்டோம். வெளியிட்டு ஆறு வாரம்தான் ஆச்சு. எதிர்த்து ஆட ஆளே கிடைக்கலன்னு எல்லாரும் திட்டிட்டுப் போயிட்டாங்க. தி.நகர் ஆபீஸைக் காலி பண்றப்போ, கூட வேலை செஞ்ச ஃபரீதா நேத்து சாயங்கால சர்வர் பதிவைக் காட்டினா. கேம்ல இருக்குற ஏழு கடற்கரையிலயும், சாந்தோம்ல ஒருத்தர், நொச்சிக்குப்பத்துல ஒருத்தர்னு, ஒரே நேரத்துல ஏழு பேர் தனித்தனியா காத்துக் கிடந்திருக்காங்க.

“ஒரு கரை போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே மச்சி”ன்னா.

ஏழும் வேணும்னு அடம் பிடிச்சவன் நான். நம்ம ஊரு பீச் ஒண்ணையும் விடக் கூடாதாம், பெரிய இவனாட்டம்.

பாலவாக்கத்துல பட்டத்தை ஏத்திட்டு, அறுக்க இன்னொரு பட்டம் வராதான்னு பார்த்துட்டிருந்த ஏழாவது ஆள் நான்தான்னு அவகிட்ட சொல்லல. யாருமே இல்லன்னு நினைச்சு நானும் கிளம்பிட்டேன்.