மொட்டைமாடிக்கு வந்த குரல்

பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள ஃபரீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். பிள்ளைக்கு இருமல் நின்றதா?

நேற்று துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். "அண்ணே, அந்த வயர்கிட்ட போகாதீங்க லா! ரேடியோவுல பேசப்போறேன், தொட்டா கை வெந்துடும்" என்று மேல்வீட்டு ஷாமினி இந்த ஊர்ப் பேச்சில் கத்தினார். வீட்டிலிருந்தே ரேடியோவில் வெளிநாட்டுக்காரர்களோடு பேச, அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர். அந்த வயர்தான் ஏரியலாம்; அதிலிருந்து வரும் அலை கண்ணுக்குத் தெரியாது, அதனால் தூரம் கணக்குப் பார்த்து, யாரும் கிட்டே வராதபடி சுற்றிலும் கயிறு கட்டவேண்டுமாம். பயப்படாதே, கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன்.

அவர் கூப்பிட்டதும் அண்டார்டிகாவிலிருந்து ஒருவர் பதில் சொன்னார், ஃபரீதா! அங்கே பனி கொட்டுகிறதாம். நடுவில் டவர் இல்லை, கேபிள் இல்லை. அவ்வளவு தூரத்துக் குரல் வெறும் காற்றிலேயே வந்துவிட்டது.

இனிமேல் நான் கூப்பிடும்போது, பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிடாதே. அடுப்புப் பக்கத்தில் அப்படியே வை, நீ தாளிக்கிற சத்தமாவது கேட்கட்டும். கம்பெனி வேன் ஹார்ன் அடிக்கிறது, வேலைக்குக் கிளம்புகிறேன்.

உன்
ஜக்கரியா