ஒரு முகத்தை நீக்க எவ்வளவு?

ஜூலை 9, 2024. செவ்வாய்

அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. கல்யாணங்கள் இல்லை, அதனால் எனக்கும் வேலை இல்லை. கையில் இருப்பது ஒரு பாலர் பள்ளி ஆண்டு விழா மட்டும்.

மத்தியானம் ஜெராமிலிருந்து துளசி கூப்பிட்டாள். பிப்ரவரியில் அவள் கல்யாணத்தை என்னோடு தொழில் செய்யும் எர்னஸ்ட் வீடியோ எடுத்தான். நான் எடிட் செய்து கொடுத்தேன். இப்போது அதிலிருந்து ஒருவரை நீக்க வேண்டுமாம். யாரை?

"எங்கண்ணனக்கா. கணேஸ்வரன். முழுசா."

இறந்துபோன அப்பாவின் வீட்டை அவன் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டானாம். நான்கு மாதமாகப் பேச்சில்லை. அம்மாவைத் துளசி தன்னோடு கூட்டி வந்துவிட்டாள்.

பார்த்துவிட்டு விலை சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 11. வியாழன்

ஆயிரத்து நானூறு வெள்ளி ஆகும் என்று விலை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் குரல் செய்தி.

"அக்கா, கல்யாண வீடியோ மொத்தமே ரெண்டாயிரத்து ஐந்நூறுதான் லா. ஒரு ஆள நீக்க ஆயிரத்து நானூறா? அழிக்கிறதுதானக்கா. புதுசா ஒண்ணும் செய்யப் போறதில்லயே."

பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். இரண்டு கேமரா, ஆறு மணி நேரம். அவன் தனியாக நிற்கும் இடத்தை வெட்டிவிடலாம். நாலு பேருக்கு நடுவில் நின்றால்? அவன் மறைத்திருந்த சுவரை, யாரோ ஒருத்தியின் சேலையை, இன்னொருவர் தோளை நான்தான் உருவாக்கி அங்கே வைக்க வேண்டும். விநாடிக்கு இருபத்தைந்து படம். எழுதிப் படித்தால் புலம்பல் மாதிரி இருக்கிறது.

எர்னஸ்டிடம் கேட்டேன். சிரித்தான்.

"கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் வாடகைன்னு போடு பெர்னா. மெஷினுக்குன்னா குடுப்பாங்க. உன் கண்ணுக்குன்னா யாரு குடுப்பா?"

அப்படியே எழுதி அனுப்பினேன். துளசி உடனே ஒப்புக்கொண்டு பாதிப் பணமும் போட்டுவிட்டாள். பிறகு ஏன் எனக்குச் சரியாகப் படவில்லை?

ஜூலை 15. திங்கள்

இன்று எதையும் தொடவில்லை. பார்க்க மட்டும் செய்தேன்.

பிப்ரவரியில் எடிட் செய்தபோது அவன் என் கண்ணிலேயே படவில்லை. பெண், மாப்பிள்ளை, தாலி, கண்ணீர் இவற்றைத்தான் தேடினேன். இப்போது அவனை மட்டும் தேடுகிறேன். எல்லா இடத்திலும் இருக்கிறான். நாற்காலி அடுக்குகிறான். மேடையில் மின்விசிறியைத் தங்கை பக்கம் திருப்பிவைக்கிறான். யாருடைய குழந்தைக்கோ ஷூ மாட்டிவிடுகிறான். சாப்பிடுவதை மட்டும் எங்கும் காணோம்.

எனக்கென்ன? எண்பத்தேழு இடங்கள். எழுதிவைத்திருக்கிறேன்.

ஜூலை 18. வியாழன்

அறுபது முடிந்தது. இன்று பொரியில் மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் தங்கையின் கையில் பொரி அள்ளிப் போடுகிற சடங்கு. அவனை எடுத்தால் பொரி காற்றிலிருந்து விழும். துளசியிடம் கேட்டேன். வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது: "கை இருக்கட்டும்க்கா. மூஞ்சி வேணாம்."

அதனால் கைகள் மட்டும் தெரியும்படி படத்தை நெருக்கிவிட்டேன். நான்கு கைகள், பொரி. அவன் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி.

ஜூலை 19. வெள்ளி

கழுத்து வலி. மூன்று இடம்தான் முடிந்தது.

ஜூலை 24. புதன்

அனுப்பிவிட்டேன். சுத்தமாக வந்திருக்கிறது. தெரியாதவர் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஓர் இடத்தில் அவள் அம்மா வெற்றுச் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அதையும் எடுத்திருக்கலாம், துளசி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மீதிப் பணம் வந்தது. வேறு பேச்சில்லை.

ஜூலை 30. செவ்வாய்

காலையில் கதவைத் தட்டியது ஒரு வயதான அம்மா. திரையில் ஆயிரம் முறை பார்த்த முகம். துளசியின் அம்மா, அம்சவள்ளி. சீனி வியாதிக்கு மருந்து வாங்கக் கோலசிலாங்கூர் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் ஒரு துணிப்பை.

"நீதான் வெட்டுனியாமே. வெட்டுன துண்டெல்லாம் இருக்காம்மா?"

எனக்குப் புரியவில்லை.

"தைக்கக் குடுத்தா மிச்சத் துணியத் திருப்பிக் குடுப்பாங்கல்ல. அது மாதிரி. எம்பையன் துண்டு. வெளிய போட்டுட்டியா?"

வெளியே போடவில்லை, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்றேன். துளசிதான் பணம் கட்டினாள், அவளைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பேரும் என் புள்ளைங்கதான? நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?"

அவனைப் பிப்ரவரிக்குப் பிறகு பார்க்கவில்லையாம். மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு மகன் பேரை எடுக்க முடியவில்லையாம்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, எண்பத்தேழு துண்டுகளையும் வரிசையாக ஒட்டினேன். பதினோரு நிமிடம் வந்தது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். டிவியில் எங்கே செருக வேண்டும் என்று படம் வரைந்து காட்டினேன்.

"எவ்வளவும்மா?"

அதற்கு என்னிடம் விலை இல்லை. "இருபது வெள்ளி ஆன்ட்டி. பென்டிரைவுக்கு" என்றேன். பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

கடைசியில் நானும் பொருளுக்குத்தான் விலை சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2. வெள்ளி

மூன்று நாளாக உறுத்தல். வேலை கொடுத்தவளின் பொருளை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தது தப்பு. யாருக்குக் கொடுத்தாலும் தப்புதான். இது வெளியே தெரிந்தால் என்னை நம்பி எவன் வேலை தருவான்?

துளசிக்கு போன் செய்து சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. நான் வேலைக்குப் போனதும் டிவில போட்டுப் பாக்குறாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க."

"திரும்ப வாங்கிடவா?"

"வேணாம். விடுங்க."

வைத்துவிட்டாள். கோபமா இல்லையா, குரலில் தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளர் போனார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 20. செவ்வாய்

ஆடி முடிந்தது. இரண்டு கல்யாணம் வந்திருக்கிறது. ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு பதிலே போடவில்லை.

அக்டோபர் 16. புதன்

துளசியிடமிருந்து செய்தி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. எர்னஸ்ட் எடுக்க வேண்டும், நான் எடிட் செய்ய வேண்டும்.

விலை அனுப்பினேன். இந்த முறை கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் எதுவும் எழுதவில்லை. 'எடுத்ததை முழுவதும் பார்த்து, எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பதற்கு' என்று ஒரே வரி. எழுதிவிட்டு அனுப்பத்தான் தயக்கமாக இருந்தது.

"ஓகே க்கா" என்று வந்தது.

அக்டோபர் 24. வியாழன்

வளைகாப்பு வேலை முடிந்தது. நாற்பது நிமிடத்தில் ஓரிடம் பற்றி மட்டும் எழுதிவைக்கிறேன்.

பெண்கள் வளையல் போட்டு முடிக்கும் நேரம். கேட் பக்கம் கணேஸ்வரன், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிறான். அம்சவள்ளி ஆன்ட்டி போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து வருகிறார். கடைசி வரிசையில் உட்காருகிறான். துளசி நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்க்கிறாள். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. ஆறு விநாடி.

மற்ற இடமெல்லாம் பாட்டு ஓடுகிறது. அந்த ஆறு விநாடிக்கு மட்டும் நிறுத்தினேன். ஆட்களின் பேச்சும் வளையல் சத்தமும்தான்.

எர்னஸ்ட் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அங்க பாட்டு விட்டுப்போச்சா?"

இல்லை என்றேன்.