நனைந்த இரண்டு பாய்கள்

குவாங்சோ
2015 மார்ச் 23, திங்கள் (சந்திரக் கணக்கில் இரண்டாம் மாதம், நான்காம் நாள்)

லாய் தேநீர்க் கடையில் என் மேசைக்கு வராமல் இன்றோடு பத்தொன்பது நாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னோடு காலைத் தேநீர் அருந்தியவர்!

மார்ச் நான்காம் தேதி, பூங்காக் கவிதைக் குழுவில், அவர் தூரிகையால் எழுதி வந்த பழங்கவிதைச் சுருளின் அடியில், தேதி முதல் மாதம் 'பதினைந்து' என்றிருந்தது. அன்று பதினான்கு. திருத்தினேன். அச்சகத்தில் நாற்பது ஆண்டு பிழை திருத்திய கை; பையில் இருந்தது சிவப்புப் பேனா. தேதியோடு நின்றேனா? கோணலாக இருக்கிறதென்று அவர் பெயரையும் சிவப்பிலேயே எழுதிக் காட்டித் தொலைத்தேன். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது அவரைச் செத்தவராக்கி உறவை முறிப்பதற்குச் சமம் என்பது எனக்குத் தெரியாதா?

"நான் செத்துட்டேன்னு எழுதிட்டியா? சரி, அப்படியே வெச்சுக்கோ" என்றார். சுருளைக் கல்மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்; நான்தான் அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மார்ச் 25, புதன்

மழை. நான் செய்தது தவறுதான். ஆனால் பதினான்கு, பதினான்குதான்.

மார்ச் 27, வெள்ளி

பிற்பகல் 3.40க்கு அச்சுருளைப் பிரித்து, முதன்முறையாகப் பிழை தேடாமல் படித்தேன். பெயர் தெரியாத தாங் காலத்துக் கவிஞர், நான்கே வரி. மலைக்குடிலில் தனியே அமர்ந்து மழை பார்க்கிறார். யாரும் வேண்டாம் என்கிறார். தனிமையின் இன்பம் என்றே இதற்கு இத்தனை காலமும் பொருள் சொல்லி வந்தேன். கடைசி வரி: 'முற்றத்தில் இரண்டு பாய்களும் நனைந்தன.'

இரண்டு! ஒற்றை ஆளுக்கு எதுக்கு ரெண்டு பாய்? அட, மனுஷன் காத்துக்கிட்டு இருந்திருக்கான்!

கோபக்காரர் சொல்வதைக் கேட்காதே. அவர் விரித்து வைத்திருப்பதைப் பார். எழுபத்துமூன்று வயதில் இது இப்போதுதான் என் கண்ணில் படுகிறது. லாய் எதை விரித்து வைத்திருக்கிறாரோ?

மார்ச் 28, சனி

தேநீர்க் கடையில் பரிமாறும் அ-யிங்கிடம் விசாரித்தேன்.

"இப்பதான் கேக்கத் தோணுச்சா? அவரு தினமும் இங்க மாடியிலதான் உக்காந்திருக்காரு. ரெண்டு கோப்பை வாங்கி, ரெண்டையும் சுடச்சுட அலசி வைக்கிறாரு. குடிக்கிறது ஒண்ணுல. உங்க சண்டையில படியேறி என் முட்டிதான் தேயுது, பெரியவரே!"

பதினேழு படிகள். ஓடினேன்.

லாய் நிமிரவில்லை; இரண்டாவது கோப்பையில் ஊற்றினார். நன்றிக்கு வழக்கம்போல் இரு விரலால் மேசையைத் தட்டினேன். நிறுத்த முடியவில்லை.

"போதும்யா ஃபூங், மேசை உடைஞ்சிடும். செத்தவன் ஊத்துற தேநீர் எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு. தப்பு என்னுதுதான், லாய்."

"இதச் சொல்ல உனக்கு இருபத்தஞ்சு நாள் ஆச்சு."

இருபத்துநான்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு இறால் கொழுக்கட்டைக்குச் சொன்னேன்.

மார்ச் 30, திங்கள் (இரண்டாம் மாதம், பதினொன்றாம் நாள்)

அதே கவிதையை லாய் இன்று புதிதாக எழுதிக் கொடுத்தார். கீழே தேதி: பன்னிரண்டு.

சுவரில் மாட்டினேன். நேராகத் தொங்குகிறதா என்பதை மட்டும் இருமுறை அளந்து பார்த்தேன்.