டெய்சியின் இடது முன்காலில் ஏழாவது ஆணி

அனுப்புநர்:
காளியப்பன் அழகுமுத்து,
குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர்,
இல. 41/6, ஜம்பட்டா வீதி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு.

பெறுநர்:
தலைமை அத்தியட்சகர் அவர்கள்,
யுத்தகால உணவு வண்டிப் பகுதி,
கொழும்பு.

விடயம்: தெமட்டகொடை லாயத்திலுள்ள டெய்சி என்னும் பெட்டைக் குதிரையை நாளை சுடுவதற்கு முன், அதன் காலிலுள்ள ஓர் ஆணியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கோருதல், எனக்குக் கிடைத்த இரண்டு கடிதங்களில் எதற்குக் கீழ்ப்படிவது என்று கேட்டல்.

மதிப்புக்குரிய ஐயா,

தாங்கள் தமிழில் மனு வாசிப்பவர் என்று லாயத்தில் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். சுடும் நேரம் நாளை புதன்கிழமை காலை எட்டு மணி என்பதை முதலிலேயே தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. நான் இருபத்திரண்டு வருடங்களாக இந்தத் தொழில் செய்கிறேன். முன்பு பந்தயக் குதிரைகள். பெற்றோலுக்குக் கட்டுப்பாடு வந்து லொறிகள் நின்றபின், துறைமுகத்திலிருந்து அரிசி மூட்டை இழுக்கும் தங்கள் பகுதியின் வண்டிக் குதிரைகள். இதுவரை என் கையால் ஒரு குதிரையும் நொண்டியதில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதைப் பற்றித்தான் இப்போது எனக்கே குழப்பம்.

2. ஐயா, ஆணி அடிப்பதில் கண்ணுக்கு வேலை குறைவு, காதுக்குத்தான் வேலை. குளம்பின் கெட்டியான ஓட்டில் ஆணி ஏறினால் அடிக்கு அடி ஓசை கூர்மையாகிக்கொண்டு போகும். உள்ளே சதைப் பக்கம் திரும்பினால் ஓசை மந்தமாகிவிடும். அந்த நிமிடமே நிறுத்தி, ஆணியைப் பிடுங்கி, வேறு கோணத்தில் அடிக்க வேண்டும். ஒரு காலுக்கு ஏழு ஆணி: வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் மூன்று. உள்பக்கத்தில் குதிகாலுக்கு அருகே வருகிற ஏழாவதுதான் சங்கடமானது. அங்கே ஓடு மெல்லியது.

3. சென்ற 6ஆந் திகதி திங்கட்கிழமை டெய்சிக்கு லாடம் அடித்தேன். மூன்று கால்கள் முடிந்து, இடது முன்காலில் ஆறு ஆணிகளும் முடிந்து, ஏழாவதை வைத்து முதல் அடி அடித்தபோது அபாயச் சங்கு ஊதியது. ஒத்திகைச் சங்கு என்று பிறகுதான் தெரிந்தது. சித்திரையில் குண்டு விழுந்ததிலிருந்து எங்களுக்கு ஒத்திகை எது, உண்மை எது என்று பிரித்துப் பார்க்கத் தைரியமில்லை. லாயத்து மேற்பார்வையாளர் ஐயா சீக்கிரம் முடித்துவிட்டுப் பதுங்கு குழிக்கு ஓடும்படி சத்தமிட்டார். நான் முடித்தேன். அந்த ஆணியின் ஓசை என் காதில் விழவில்லை. சங்கின் ஓசைதான் விழுந்தது.

4. குழியிலிருந்து ஏறி வந்தவுடன், அந்த ஒற்றை ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிக்கிறேன் என்று மேற்பார்வையாளர் ஐயாவிடம் கேட்டேன். ஒருமுறை பிடுங்கிய ஆணி மறுபடி உதவாது, யுத்தகாலத்தில் இரும்பை வீணாக்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருந்தது என் குற்றமே.

5. வியாழக்கிழமை காலை குதிரைக்காரர் ஹுசைன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "அண்ணே, டெய்சி காலை ஊண்டுறாளில்ல. தூக்கிக்கிட்டே நிக்கிறாள். நீங்க ஒருக்கா வந்து பாருங்கோ." போய்ப் பார்த்தேன். இடது முன் குளம்பு அடுப்படிக் கல்லாகச் சுட்டது. சுத்தியலால் ஒவ்வோர் ஆணியாக மெதுவாகத் தட்டினேன். ஆறு ஆணிகளுக்கும் அசையாமல் நின்றாள். ஏழாவதைத் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆணி கழற்றும் குறட்டைக் கையில் எடுப்பதற்குள் மேற்பார்வையாளர் ஐயா வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். மிருக வைத்தியர் திருகோணமலைக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. ஆகவே காலைப் பார்க்க வேறு ஆளில்லை.

6. இனி தங்கள் பகுதியிலிருந்து எனக்கு வந்த இரண்டு கடிதங்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. தபாற் கந்தோருக்கு முன்னால் மனு எழுதும் சண்முகலிங்கம் அவர்களே இரண்டையும் வாசித்துச் சொன்னார். நம்பிக்கை வராமல் மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன்.

10ஆந் திகதிக் கடிதம்: நான் பிழையாக ஆணி அடித்து டெய்சியை நொண்டியாக்கிவிட்டேன், ஆகவே இனி இந்தப் பகுதியின் எந்தக் குதிரையின் குளம்பையும் தொடக்கூடாது.

13ஆந் திகதிக் கடிதம்: டெய்சிக்குத் தோள்மூட்டில் தீராத நோய், ஆகவே 15ஆந் திகதி காலை எட்டு மணிக்குச் சுடப்படும், இரும்பு சேகரிப்புக்காக அதன் நான்கு லாடங்களையும் எல்லா ஆணிகளையும் கழற்றி ஒப்படைக்க, ஒன்பது மணிக்கு நான் குறட்டுடன் வரவேண்டும்.

இரண்டிலும் ஒரே கையொப்பம்.

7. ஐயா, நான் அதிகம் படித்தவனல்ல. நோய் தோளில் என்றால் என்னைத் தடை செய்தது ஏன்? பிழை ஆணியில் என்றால் தோளுக்காகக் குதிரையைச் சுடுவது ஏன்? குளம்பைத் தொடக்கூடாதவன் நாளை ஒன்பது மணிக்கு எப்படித் தொடுவது? செத்த குதிரையின் குளம்பு குளம்பில்லையா? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. நேற்றிலிருந்து யோசித்தும் விளங்காததால் கேட்கிறேன்.

8. மூன்றாம் பந்தியை எடுத்துவிடும்படி சண்முகலிங்கம் அவர்கள் சொன்னார். முறைப்பாடு செய்கிறவன் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுப்பது வழக்கமில்லையாம். இருக்கட்டும் என்றேன். அந்த ஆணி சதையில் ஏறியது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஏறவில்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. கேட்காத ஓசைக்கு எப்படிச் சாட்சி சொல்வது? ஆணியைக் கழற்றினால் அதுவே சொல்லிவிடும். ஈரமாகவோ சீழோடோ வந்தால் பிழை என்னுடையது. அப்படியானால் குதிரை பிழைக்கும். வெந்நீரில் தவிட்டைக் குழைத்துக் கட்டினால் இரண்டு வாரத்தில் வண்டி இழுப்பாள். உலர்ந்து வந்தால் நான் தப்பினேன், அவள் தப்பமாட்டாள். பிழை என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று நேற்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டேன். தன் தொழிலில் பிழை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவன் இந்தக் கொட்டாஞ்சேனையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

9. ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. இரண்டாவது கடிதத்தின்படி எப்படியும் நாளை அந்த ஆணியை நான்தான் கழற்றப்போகிறேன். ஒன்பது மணி என்பதை ஏழு மணி என்று மட்டும் மாற்றித் தாருங்கள். இரும்பு ஒன்றும் குறையாது. ஆணி வந்தபின்னும் அவள் காலை ஊன்றாவிட்டால், எட்டு மணிக்கு ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நிற்பேன். ஒன்பது மணிக்கு மற்ற ஆணிகளையும் கழற்றித் தருவேன்.

இம்மனுவைக் கொண்டுவரும் ஹுசைன் தங்கள் வாசலிலேயே நிற்பார். எழுத்தில் பதில் தர நேரமில்லாவிட்டால் "ஏழு" என்று ஒரு வார்த்தை அவரிடம் சொன்னால் போதும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நாளை ஆறரை மணிக்கு லாயத்து வாசலில் குறட்டுடன் நிற்பேன். உள்ளே விடும்படி தங்களை மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கா. அழகுமுத்து
(இடது பெருவிரல் அடையாளம்)

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 14.07.1942

எழுதியவர்: சண்முகலிங்கம். மனுதாரர் சொன்னபடியே எழுதப்பட்டது. ஒரு பந்தியும் நீக்கப்படவில்லை.