பிராம்ப்டரின் இருமல்

பிப்ரவரி 9, திங்கள்

இருமல் போகவில்லை. நாலு நாள் தங்கிப் போகும் விருந்தாளி என்று நினைத்தேன். பெட்டியைப் பிரித்துத் துணிமணியை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறது.

இன்று பஸ் முன்பதிவு கவுன்டரில் ஒரு அம்மாள் ஜன்னலோர சீட் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்; இருமல் முந்திக்கொண்டது. அவர் ஓரடி பின்வாங்கினார், அவருக்குப் பின்னால் வரிசையும் பின்வாங்கியது. அங்கிருந்தபடியே இஞ்சியைத் தட்டித் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். அடுத்து நின்றவர் இஞ்சி சூடு, தேன் மட்டும் போதும் என்றார். மூன்றாமவர் மிளகு கட்சி. கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நோயாளியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனைவி மட்டும் டாக்டரிடம் போகச் சொல்கிறாள். இருமலுக்கெல்லாமா டாக்டர்? போன மாதம் தலைசுற்றல் என்று போனதற்கே பிரஷர் மாத்திரையைத் தலையில் கட்டி அனுப்பினார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இஞ்சி, தேன், மிளகு மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டேன். யார் மனமும் கோணக்கூடாதே. நாக்கு வெந்துவிட்டது. இருமல் நலம்.

பிப்ரவரி 12, வியாழன்

மானம் போயிற்று.

சாயங்காலம் நாடக ஒத்திகை. இத்தனை வருஷமாகக் குழுவில் எனக்கு என்ன வேலை? பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது. பிராம்ப்டர். போஸ்டரில் பெயர் வராது, கைதட்டல் கிடையாது. சரியாகச் செய்தால் நான் இருப்பதே தெரியாது. தப்பாகச் செய்தால் ஊருக்கே தெரியும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நடிகர் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் நான் தொண்டையைச் செருமுவேன்; அவர் ஒரு வரி பின்னால் போய்ப் பிடித்துக்கொள்வார். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான். சொந்தக் காசில் சூனியம்.

அப்பா வேஷம் போடுபவருக்கு நாங்கள் வைத்த பெயர் இடிமுழக்கம். ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். இரண்டாம் அங்கத்தில் அவர் சாக வேண்டும். "இனி எல்லாம் உன் கையில்" என்று தலையைச் சாய்த்தார். நான் இருமினேன். கண்ணைத் திறந்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், மறுபடி "இனி எல்லாம் உன் கையில்" சொல்லிச் செத்தார். மறுபடியும் இருமினேன். மறுபடியும் எழுந்தார். மூன்று முறை செத்த மனிதர் நான்காவது முறை முடியவே முடியாது என்று கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

இயக்குநர் தனியாகக் கூப்பிட்டார். இருபத்தெட்டாம் தேதி மேடையேற்றம். அதற்குள் இருமல் நிற்காவிட்டால் முக்காலியில் மேக்கப்காரர் உட்காருவாராம். நான் தலையாட்டினேன், இருமியபடி.

அக்கா மட்டும் வயிறு வலிக்கச் சிரித்தாள். நாடகத்தில் அம்மா வேஷம் அவளுக்கு. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு எழுத்துக்குக்கூட வந்து நிற்காத ஒரே ஆள்.

பிப்ரவரி 13, வெள்ளி

உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். குளியலறையில் எழுந்த சத்தத்தைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் வந்து, குழாய் ஏதும் உடைந்துவிட்டதா என்று விசாரித்தார். இல்லை, தொண்டைதான் என்றேன். பாவம், படியிறங்கிப் போனார்.

பிப்ரவரி 14, சனி

மனைவி போர்வையைப் போட்டு மூடி ஆவி பிடிக்க வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. கண்ணே தெரியவில்லை என்று உள்ளிருந்து அலறினேன். "கண்ணாடிய கழட்டுங்க" என்று வெளியிலிருந்து நிதானமாகச் சொன்னாள். இந்த வீட்டில் பிராம்ப்டர் யார் என்று இன்று தெரிந்தது.

மாடி வீட்டிலிருந்து அக்கா வெங்காயச் சாறு கொண்டுவந்தாள். வெங்காயத்தை நறுக்கிச் சர்க்கரை தூவி ஊறவைத்து வடிப்பது. ஒரு வாய் குடித்ததும் குமட்டியது. சர்க்கரை இல்லை, உப்பு. சொன்னேன். ஒரு விநாடி டம்ளரையே பார்த்தாள். "உப்புதான்டா சளிய அறுக்கும். பேசாம குடி" என்றாள். அவளிடம் வாதாடி ஜெயித்தவன் எவன்? குடித்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மறுபடி வெங்காயச் சாறு கொண்டுவந்தாள். இந்த முறை சர்க்கரைதான். "இத குடி, ரெண்டே நாள்ல ஓடிடும். எங்க ஸ்கூல்ல எல்லா டீச்சரும் இதத்தான் குடிப்பாங்க" என்றாள். முகத்தை அஷ்டகோணலாக்கி, நான் ஒன்றும் டீச்சர் இல்லை என்று புலம்பிவிட்டுக் குடித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு டம்ளர். விட்டால் வெங்காய மண்டியையே என் வாயில் இறக்கிவிடுவாள் என்று மனைவியிடம் கேலி செய்துவிட்டுக் குடித்தேன்.

மத்தியானம் மூன்றாவது டம்ளர். "இத குடி, ரெண்டே நாள்ல ஓடிடும். எங்க ஸ்கூல்ல எல்லா டீச்சரும்..."

அதே வார்த்தைகள், அதே ஏற்ற இறக்கம். கொடுத்துவிட்டு, முதல் முறை கொடுப்பவளைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். வாங்கினேன். மூச்சுவிடாமல் குடித்தேன். நல்லா இருக்குக்கா என்றேன்.

பிப்ரவரி 16, திங்கள்

உப்பு. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டாமா எனக்கு?

பிப்ரவரி 19, வியாழன்

இன்று ஒத்திகையில் வசனப் பிரதியைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தேன். கடைசி அங்கத்தில், வீட்டை விட்டுப் போகும் மகனுக்கு அவள் பெட்டி அடுக்க வேண்டும். மகன் உள்ளறையில் இருப்பதாக ஏற்பாடு. துணியை மடித்தபடி அவனிடம் பேசுவாள்; மேடையில் வேறு யாரும் இல்லை. ஒரு சட்டையை மடித்தாள். மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். இயக்குநர் "ஆஹா, தாயோட தவிப்பு" என்று பக்கத்திலிருந்தவர் காதைக் கடித்தார்.

தவிப்புதான். வசனம் வரவில்லை அவளுக்கு. கண் மெல்ல என் பக்கம் திரும்பியது. முதல் சொல்லை உதட்டால் மட்டும் காட்டினேன். பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இது எத்தனை நாளாக நடக்கிறது? யார் எங்கே மறக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. கூடப் பிறந்தவள் மறப்பது கண்ணில் படவில்லை.

மேக்கப்காரர் நல்ல மனிதர். ஆனால் அவர் எடுத்துக் கொடுத்தால் கடைசி வரிசைக்குக் கேட்கும். அக்காவுக்கு மறதி என்று ஒரே சாயங்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், வேஷம் கைமாறிவிடும். அத்தான் போனபிறகு அவள் சிரித்துப் பார்ப்பது அந்த மேடைப் பக்கம்தான். அவள் மேடையில் இருக்க வேண்டும் என்றால் முக்காலியில் நான் இருக்க வேண்டும். நான் இருக்க வேண்டும் என்றால் இந்தச் சனியன் பிடித்த இருமல் போயாக வேண்டும்.

பிப்ரவரி 21, சனி

கிராம்பு. கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டால் இருமல் அடங்கும் என்று பக்கத்துக் கவுன்டர் நண்பர் சொன்னார். அடங்கியது. சந்தோஷத்தில் சிரித்தேன், கிராம்பு உள்ளே போய்விட்டது. அப்புறம் இருமிய இருமலில் நான்கு டிக்கெட்டைத் தப்பான தேதிக்குப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கிராம்போடு ஒத்திகை. ஒரே ஒரு இருமல், அதையும் தோளில் முகத்தைப் புதைத்துச் சமாளித்தேன். இயக்குநர் ஒப்புக்கொண்டார். முக்காலி என்னுடையது.

அக்கா ஏழு இடத்தில் என்னைப் பார்த்தாள்.

அவளிடம் பேசவேண்டும். எப்படி? "அக்கா, உனக்கு மறக்குது" என்றா? சின்ன வயதிலிருந்து என் மறதியைத் திட்டித் திட்டி வளர்ந்தவள் அவள். குடையைத் தொலைத்தவன் நான், பரீட்சை தேதியை மறந்தவன் நான். அந்த வரிசை இப்படித் தலைகீழாகும் என்று யார் கண்டார்கள்? நாடகம் முடியட்டும், அப்புறம் பேசலாம். கோழைக்கு எப்போதுமே ஒரு "அப்புறம்" இருக்கும்.

பிப்ரவரி 27, வெள்ளி

இஞ்சி, தேன், மிளகு, கிராம்பு, உப்புத் தண்ணீர், ஆவி. ஒன்றையும் விடவில்லை. என்னை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தால் ஊருக்கே மருந்தாகும்.

மார்ச் 1, ஞாயிறு

நேற்று நாடகம் நடந்தது.

இரண்டு அங்கமும் நன்றாகப் போயின. இடிமுழக்கம் ஒரே முறையில் செத்தார், கைதட்டல் வாங்கினார். கடைசி அங்கம். அக்கா பெட்டியைத் திறந்தாள், நான்கு வரி பேசினாள், நின்றாள். சட்டையை மடித்தாள். என் பக்கம் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

வந்துவிட்டது. கிராம்பு எங்கோ தெறித்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இரண்டாக மடிந்து இருமுகிறேன், நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர், பிரதியில் எழுத்தே தெரியவில்லை. அரங்கம் நிசப்தமாக இருந்தது. இருமல் முதல் வரிசைக்கு மட்டுமா கேட்டிருக்கும்? அய்யோ, கெடுத்துட்டேனே, நானே கெடுத்துட்டேனே என்று மனசுக்குள் கத்துகிறேன். வெளியே இருமலாகத்தான் வருகிறது.

அக்கா சட்டையைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்த்து, மேடைக் குரலில், அவசரமே இல்லாமல் சொன்னாள்: "முதல்ல தண்ணி குடிடா. அம்மா எங்கயும் போயிடல, இங்கதான் நிக்கிறேன்."

அரங்கம் சிரித்தது. உள்ளறையில் இருக்கும் மகனுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. நான் தண்ணீர் குடித்தேன். அவள் காத்திருந்தாள். பிறகு சொல்லை எடுத்துக் கொடுத்தேன். கடைசிவரை ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தேன், அவள் ஒவ்வொரு வரியாக வாங்கிக்கொண்டாள். திரை விழுந்ததும் இயக்குநர் ஓடிவந்து, அந்தத் தண்ணீர் வசனத்தை இனி ஒவ்வொரு மேடையேற்றத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் இருமல் என்றேன்.

மேக்கப் அறையில் அக்கா சாயத்தைத் துடைத்துக்கொண்டே, கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு மறக்குதுடா. வசனம் மட்டுமில்ல."

தெரியும் என்றேன்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அன்னிக்கு சாயங்காலம் பாத்தா, கழுவுறதுக்கு வெங்காய வாசத்தோட மூணு டம்ளர் கிடக்கு. காபி ஆறிப்போனாலே வீட்ட ரெண்டாக்குறவன் நீ. மூணையும் குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா."

"எப்படிக்கா சொல்றது?"

"தொண்டையச் செருமியிருக்கலாம்ல? அதுக்குத்தான உன்ன உக்கார வெச்சிருக்கோம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன், உடனே இருமல். அவள் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு என் முதுகைத் தடவினாள். பயமா இருக்குடா என்று அப்போதுதான் சொன்னாள்.

மார்ச் 5, வியாழன்

அக்காவை டாக்டரிடம் போகச் சொன்னேன். "நீ உன் இருமலுக்கு வா, நான் வர்றேன்" என்றாள். மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து டோக்கன் வாங்கினாள். இத்தனை நாள் சொன்னது அவள்தானே என்று ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் குத்தியது.

என் இருமலுக்குக் காரணம் பிரஷர் மாத்திரை. சிலருக்கு அந்த மாத்திரை இப்படி வறட்டு இருமலைக் கொடுக்குமாம். வேறு மாத்திரை எழுதினார். இருமல் போக இன்னும் சில வாரம் ஆகலாமாம். தினமும் காலையில் இருமலை நானே விழுங்கிவிட்டு, அதன்மேல் இஞ்சியையும் தேனையும் ஊற்றியிருக்கிறேன். என்னைப்போல ஒரு புத்திசாலி உண்டா?

அக்காவிடம் டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். இன்று என்ன கிழமை, கடிகாரம் வரைந்து காட்டுங்கள் என்றெல்லாம். வரைந்தாள். எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. பரிசோதனைகள் இருக்கின்றன, திரும்ப வர வேண்டும். என்னுடையதுபோல மாத்திரையை மாற்றினால் போய்விடும் சமாச்சாரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அவள் என் கையைப் பிடிப்பது புதிதில்லை. நான் கூட்டிப்போவதுதான் புதிது.

ஏப்ரல் 5, ஞாயிறு

இருமல் போய்விட்டது. அக்காவிடம் சொன்னேன். வெங்காயத்தால்தான் என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 18, சனி

அடுத்த நாடகத்துக்கு வேஷம் பிரித்தார்கள். அக்காவே எழுந்து, தனக்கு மறதி வந்திருக்கிறது, வேஷம் வேண்டாம் என்று எல்லோர் முன்பும் சொன்னாள். இடிமுழக்கத்துக்கே குரல் எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிடுவாள் என்று. கூப்பிடவில்லை.

ஜூன் 6, சனி

ஒத்திகையில் இடிமுழக்கம் இயக்குநரிடம் புகார் செய்தார். பக்கத்திரைக்குப் பின்னால் இப்போதெல்லாம் ஆணும் பெண்ணுமாக இரண்டு குரல் கேட்கிறதாம், எதை எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லையாம். இயக்குநர் என்னை மட்டும் வாயை மூடச் சொல்லிவிட்டார். அக்கா குரல்தான் தெளிவாக இருக்கிறதாம். துணைக்கு வா என்று போன மாதம் அவளைப் பக்கத்திரைக்குப் பின்னால் கூட்டிவந்தது நான்தான். இத்தனை வருஷ அனுபவம், ஒரே வரியில் வேலை போயிற்று.

ஆகவே இன்றிலிருந்து ஏற்பாடு இது: என் முக்காலிக்குப் பக்கத்தில் அவள் முக்காலி. பிரதி இருவர் மடியிலும். அவள் வாசிக்கிறாள். எந்த வரி என்று நான் விரல் வைக்கிறேன்.