நீ எழுதிய என் தம்பி

ஜூலை முதல் தேதி இந்த ஊரே வீடு மாற்றுகிறது. வேண்டாத சாமான்களை நடைபாதையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்று காலை டெப்பனரில், அதான் மூலைக்கடையில், பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு உடைந்த விளக்குக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிக்குள் நீ கிடந்தாய். புத்தகத்தின் பின்னட்டையில் உன் படம், நரைத்த தலை, அதே நக்கல் சிரிப்பு. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷமாக இருந்தது. உன்னையும் தெருவில் போட்டுவிட்டார்கள் பார்! எடுத்துப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, ஓரமெல்லாம் குறிப்பு. முதுகு பிரிந்துபோகிற அளவுக்கு யாரோ படித்திருக்கிறார்கள். என்னுடைய இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் சென்னையில் இன்னும் புதுசாகவே இருக்கின்றன. வயிறு எரிய எரிய உன்னை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அறுபத்தொன்பதில் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் எங்களுக்கு மேல்மாடியில் நீயும் உன் புருஷனும் குடிவந்தீர்கள். வியட்நாம் போருக்கு ஆள் எடுத்தபோது, போகமாட்டேன் என்று எல்லை தாண்டி வந்தவர் அவர். திரும்பிப் போனால் ஜெயில். என் வீட்டுக்காரர் சென்ட் லோரன்டில் ஒரு கம்பெனியில் எஞ்சினியர். அவர் வேலைக்குக் கிளம்பியதும், டைப் அடித்த தாள்களோடு நீ இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி வருவாய். நான் காய் நறுக்குவேன், நீ உரக்கப் படிப்பாய். என் கத்தி எங்கே நிற்கிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறி. கத்தி நிற்காமல் ஓடிய பக்கங்களை அங்கேயே கிழித்துப் போடுவாய். "உன் பீன்ஸை ஜெயிக்க முடியலைன்னா அது என்ன கதை?" என்பாய். இப்படி எத்தனை கதை தேறியது உனக்கு! நானும்தான் எழுதினேன், தமிழில், சென்னைப் பத்திரிகைகளுக்கு. உனக்குத் தமிழ் தெரியாது, வீட்டுக்காரர் கதை படிக்கமாட்டார். எனக்காக யார் கத்தியை நிறுத்தினார்கள்?

உன் சர்க்காரை நீ திட்டுகிற அழகைப் பார்த்து நான் வாயைப் பிளந்திருக்கிறேன். போருக்கு எதிராக எழுதியதற்காக உன் அப்பா உன்னோடு பேச்சை நிறுத்தினார். உன் மாமனார் செத்தபோது புருஷனால் எல்லை தாண்ட முடியாமல், நீ தனியாக பஸ் ஏறிப்போய்க் காரியத்தில் நின்றுவிட்டு வந்தாய். மறுநாள் காலை மாடியில் மறுபடி டைப் சத்தம். கோபப்படக் கூச்சப்படாத பெண்ணை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

எழுபத்தாறில், இந்தியாவில் எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தபோது, அம்மாவிடமிருந்து ட்ரங்க் கால் வந்தது.

"தம்பி வேலூர் மாமா வீட்டுல இருக்கான்டி. நல்லா சாப்பிடறான். நீ கவலைப்படாத."

வேலூரில் எங்களுக்கு மாமாவே கிடையாது. வேலூரில் இருப்பது ஜெயில். கல்லூரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினான் என்று பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். டெலிபோனை யார் ஒட்டுக்கேட்கிறார்களோ என்று அம்மா ஒரு மாமாவையே உண்டாக்கிவிட்டாள்.

உன்னிடம்தான் ஓடிவந்து அழுதேன். "எழுது, இன்னிக்கே எழுது" என்றாய். வீட்டுக்காரர் வேறு மாதிரி சொன்னார். "பாஸ்போர்ட் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா? நீ பேர் வாங்க, உள்ளே இருக்கறவன் அடி வாங்கணுமா?" நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து நீ தயங்கித் தயங்கிக் கேட்டாய். "நீ எழுதலைன்னா நான் எழுதட்டுமா? ஊர் பேர் எதுவும் வராது." ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்ட மாதிரி, "தாராளமா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

இலையுதிர்காலத்தில் அதைப் படித்துக் காட்டினாய். பூசணியில் இறங்கிய கத்தி இறங்கினபடியே நின்றது. போதும் நிறுத்து என்று கத்தத் தோன்றியது, அத்தனை நன்றாக இருந்தது. இல்லாத மாமா வீடு இருந்தது, அம்மாவின் குரல் இருந்தது, வெளிநாட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அக்காவும் இருந்தாள். ஆனால் அந்த அக்கா வெறுமனே சமைக்கிறவள்.

"அவளுக்கு எழுத வராதா? நான் எழுதறவதானே?" என்று கேட்டேன்.

நீ கண்ணாடியைக் கழற்றினாய். "எழுதறவளா வச்சா, அவ ஏன் எழுதலைன்னு படிக்கிறவங்க கேப்பாங்க. என்கிட்ட அதுக்குப் பதில் இல்லை. உன்கிட்ட இருக்கா?"

நான் பூசணியை நறுக்க ஆரம்பித்தேன்.

உன்னைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கதைதான். அடுத்த ஜனவரியில் எல்லை தாண்டியவர்களுக்கு மன்னிப்பு வந்தது, நீங்கள் ஊர் திரும்பினீர்கள். அப்புறம் நாவல்கள், பரிசுகள், உன் பேச்சைக் கேட்கக் கூட்டம். ஒவ்வொரு புத்தகத்தையும் கடைக்கு வந்த வாரமே வாங்கினேன். நன்றாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் பிரிப்பேன். படுபாவி, ஒன்றுகூடச் சோடை போகவில்லை.

எமர்ஜென்சி போய், தம்பி வீடு வந்த பிறகு நானும் அதைக் கதையாக எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். ஆசிரியர் பதில் போட்டார்: "நல்ல கதைதான் அம்மா. போன வருஷம் வந்திருந்தால் அச்சிட்டிருக்க முடியாது, ஆனால் பத்திரமாக வைத்திருப்பேன். இப்போது சிறைக்கதை மூட்டை மூட்டையாக வருகிறது." பின்னால் இங்கே வந்த தம்பி உன் கதையைப் படித்தான். "யாருக்கா இவங்க? நம்ம வீட்டுக்குள்ள இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்காங்க!" என்றான். சிநேகிதி என்றேன். நான் எழுதியதை அவன் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

நீ இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்று சமையலறையில் உட்கார்ந்து அந்தக் கதையை மறுபடி படித்தேன். அவள் ஏன் எழுதவில்லை என்று அன்றைக்குக் கேட்டாயே, அதற்கு அப்போதே என்னிடம் பதில் இருந்தது. பயந்துவிட்டேனடி. தம்பிக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன், பயந்ததெல்லாம் எனக்காகத்தான். உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அதையும் எடுத்துக்கொண்டு மாடியேறி டைப் அடித்திருப்பாய், என்னைவிட நன்றாக. அதனால்தான் சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது நானே வைத்துக்கொண்டேன்.